ஜோஷ் கிப்சனின் .372: யாருடைய சராசரி?

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்க பேஸ்போலின் சாதனைப் பட்டியல் ஒன்றில் முதலாம் இடம் கைமாறியது. வாழ்நாள் துடுப்பாட்டச் சராசரியில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக மேலே இருந்த டை கொப் (.367) ஒரு படி இறங்கினார். ஜோஷ் கிப்சன் (.372) அந்த இடத்துக்கு வந்தார். கிப்சன் அந்த மாதம் ஒரு பந்தும் அடிக்கவில்லை. அவர் இறந்து அப்போது 77 வருடம். மாறினது கணக்கு மட்டும்தான். 1920 முதல் 1948 வரை கறுப்பின வீரர்கள் ஆடிய ஏழு 'நீக்ரோ லீக்'குகளின் புள்ளிவிபரங்களை மேஜர் லீக் பேஸ்போல் தன்னுடைய அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்துக்கொண்டது. (அந்தப் பெயர் இன்றைக்குக் காதில் குத்துகிறதுதான். ஆனால் அந்த லீக்குகள் அந்தப் பெயரில்தான் நடந்தன. வரலாற்றுப் பெயர் என்பதால் அப்படியே விடுகிறோம்.)

இதுக்கு வந்த எதிர்ப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, இது அரசியல், விளையாட்டுக் கணக்கில்லை எண்டு கோபப்பட்டவர்கள். மற்றது, கொஞ்சம் நிதானமானவர்கள்: "கிப்சன் பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் அவர் ஆடினது வேற லீக். இரண்டையும் ஒரே பட்டியலில போடலாமோ? பக்கத்தில ஒரு நட்சத்திரக் குறியாவது போட வேண்டாமோ?" முதலாவது ஆக்களோட கதைச்சுப் பிரயோசனமில்லை. இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதைத்தான் இங்கே எடுக்கிறோம். எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: குறி போடுவதென்றால் கொப்புக்கும் பேப் ரூத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் ஒருத்தருக்கும் வேண்டாம்.

பேஸ்போல் எங்கட விளையாட்டில்லை என்பது தெரியும். ஆனால் எல்லே பார்த்தவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். பந்தெறிகிறவரை அங்கே பிட்சர் என்பார்கள். அவர் எறிகிற பந்தை அடித்து, பிடிபடாமல் ஒரு பேஸுக்காவது ஓடிச் சேர்ந்தால் அது ஒரு 'ஹிட்'. எத்தனை தரம் துடுப்பெடுத்து எத்தனை ஹிட் என்று பிரித்தால் வருவது துடுப்பாட்டச் சராசரி. .300 என்றால் ஆயிரம் தரம் போய் முந்நூறு தரம் வெற்றி. பத்தில் ஏழு தரம் தோற்கிறவரை நல்ல ஆட்டக்காரர் என்று கொண்டாடுகிற விளையாட்டு அது. கிரிக்கெட்டில் 50 என்ற சராசரிக்கு என்ன மரியாதையோ அங்கே .300க்கு அந்த மரியாதை.

ஆனால் அந்த .300 எந்த வருடத்து .300?

இரண்டு வருடங்களை எடுங்கள். 1930இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் பில் டெரி .401 அடித்தார். 1968இல் போஸ்டன் ரெட் சொக்ஸ் அணியின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்தார். இருவரும் அந்தந்த வருடம் தங்கள் லீக்கில் முதலிடம். எண்ணை மட்டும் பார்த்தால் டெரி நூறு புள்ளி உயரத்தில் நிற்கிறார். இப்ப லீக் சராசரியைப் பக்கத்தில் வையுங்கள். 1930இல் நஷனல் லீக்கில் ஆடிய எல்லாருடைய சராசரியும் சேர்த்து .303. பந்து துள்ளிப் பறந்த வருடம் அது. பிலடெல்பியா பிலீஸ் அணி முழுதாக .315 அடித்தும் கடைசி இடத்தில் முடித்தது. அடுத்த வருடமே பந்தின் தோலைத் தடிப்பாக்கினார்கள், லீக் சராசரி .277க்கு இறங்கியது. 1968 அதுக்கு நேர்மாறு. பிட்சர் நிற்கிற மேடு 15 அங்குல உயரம். மேலேயிருந்து எறிந்து தள்ளினார்கள். அமெரிக்கன் லீக்கின் சராசரி .230. .300ஐத் தாண்டினதே யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவர்தான், இரண்டாம் இடத்தில் வந்தவர் .290. அடுத்த வருடம் மேட்டை 10 அங்குலமாக வெட்டினார்கள்.

பிரித்துப் பாருங்கள். டெரி தன் லீக்கை விட 32 சதவீதம் மேலே, யஸ்ட்ரெம்ஸ்கி 31 சதவீதம் மேலே. நூறு புள்ளி வித்தியாசம் ஒரு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. டெட் வில்லியம்ஸ் 1941இல் அடித்த .406ஐ இதே தராசில் போட்டால் (அந்த வருட அமெரிக்கன் லீக் சராசரி .266) 53 சதவீதம் வருகிறது. டெரியின் .401உம் வில்லியம்ஸின் .406உம் பட்டியலில் அக்கம்பக்கத்து வீடு மாதிரித் தெரியும். உண்மையில் இடையில் ஒரு ஊரே கிடக்கிறது.

உயர்தரம் எழுதினவர்களுக்கு இந்தத் தராசைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எங்கட இசட் புள்ளியின் அடி யோசனையும் இதுதான். பௌதிகவியலில் எடுத்த 60உம் இன்னொரு பாடத்தில் எடுத்த 60உம் ஒன்றில்லை, அந்தந்தப் பாடத்துக்குத் தோற்றிய கூட்டத்தின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதியதில் ஒரு கூட்டமும் தோற்ற, இரண்டையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் வரை போய், இரண்டும் வெவ்வேறு கூட்டம், தனித்தனியாகக் கணியுங்கள் என்று தீர்ப்பானது. சூத்திரம் பிழையில்லை. எந்தக் கூட்டத்தின் சராசரி என்பதில்தான் பிழை. அதுக்கும் முந்தி, 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளிகளைத் 'தரப்படுத்தினது' எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு இன்னும் ஆறாத கதை. ஆகவே 'சராசரியோட ஒப்பிட்டு அளக்கிறது' என்று யாராவது சொன்னால், அந்தக் கூட்டத்துக்குள்ள ஆர் ஆர் எண்டு கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் பேஸ்போலையும் பார்க்கிறோம்.

பேஸ்போல் கணக்குக்காரர்கள் வெறும் சராசரியோடு நிற்கவில்லை. அடிக்காமலே பேஸுக்குப் போகலாம்: பிட்சர் நாலு பந்தை எல்லைக்கு வெளியே எறிந்தால் துடுப்பாட்டக்காரர் முதலாம் பேஸுக்கு நடந்தே போவார். அதையும் சேர்த்து, எத்தனை தரம் எப்படியாவது பேஸைப் பிடித்தார் என்பது ஒரு எண். அடித்த அடியின் நீளத்தைப் பார்த்து, ஒரு பேஸ் அடிக்கு ஒன்று, ஹோம் ரன்னுக்கு நாலு என்று கூட்டிப் பிரித்தால் இன்னொரு எண். இரண்டையும் அந்த வருட லீக் சராசரியோடு ஒப்பிட்டு, மைதானம் சின்னனோ பெரிசோ என்பதையும் சரிக்கட்டி, லீக்கின் நடுத்தர ஆட்டக்காரரை 100 என்று வைத்து வருகிற எண்ணை 'ஓபிஎஸ் பிளஸ்' என்கிறார்கள். 120 என்றால் நல்ல ஆட்டக்காரர். 150 என்றால் நட்சத்திரம். வாழ்நாள் கணக்கில் டெட் வில்லியம்ஸ் 190க்குக் கிட்ட. பேப் ரூத் 206.

206 என்பதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போதும். 1920இல் ரூத் தனி ஆளாக 54 ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீக்கில் ரூத்தின் யாங்கீஸ் தவிர்ந்த ஏழு அணிகளில் ஒன்றுகூட அணியாகச் சேர்ந்து 54 அடிக்கவில்லை. லீக் சராசரி என்ற ஒன்று இல்லாவிட்டால் 54 எங்களுக்கு ஒரு சாதாரண எண். 2001இல் பரி பொண்ட்ஸ் 73 அடித்தாரே என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். தன் காலத்தை ஒருவர் எவ்வளவு தூரம் மிஞ்சினார் என்பதை இந்தத் தராசு மாதிரி நேர்மையாகக் காட்டுகிற வேறொன்றை நாங்கள் அறியோம்.

இதே தராசில் கிப்சனை வைத்தால், அவர் ரூத்தையும் தாண்டி மேலே நிற்கிறார். அவருடைய லீக்கில் ஆடிய மற்றவர்களோடு ஒப்பிட்டு.

கிப்சன் ஆர்? 1911இல் ஜோர்ஜியாவில் பிறந்து பிட்ஸ்பர்கில் வளர்ந்தவர். விக்கெட் காப்பாளர் மாதிரித் துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கெச்சர். முழங்கால் தேய்கிற வேலை அது. அதைச் செய்துகொண்டு நன்றாகத் துடுப்பாடுகிறவர்கள் எந்த லீக்கிலும் குறைவு. ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் குரோஃபோர்ட்ஸ் ஆகிய இரண்டு அணிகளுக்கும்தான் பெரும்பாலும் ஆடினார். .372 சராசரியோடு, அடியின் நீளத்தை அளக்கிற அந்த எண்ணிலும் (.718) ரூத்தை (.690) முந்தினார். 1947 ஜனவரி 20இல் 35 வயதில் இறந்தார். சரியாக மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15இல் ஜக்கி ரொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காக மேஜர் லீக் மைதானத்தில் இறங்கினார். கிப்சனின் புதைகுழிக்கு 1975 வரை ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். மூன்று இருக்கிறது, மூன்றும் ஒரே பலமுள்ளவை இல்லை.

பலமானது ஆட்ட எண்ணிக்கை. நீக்ரோ லீக் சீசன் ஒன்றில் லீக் ஆட்டங்கள் 60, 80 என்ற அளவில்தான். வெள்ளையர் லீக்குகளில் 154. சின்னக் கணக்கில் எண்கள் துள்ளும், இது கணித உண்மை. 1941இல் ஜோ டிமஜியோ 56 ஆட்டங்களில் தொடர்ந்து ஹிட் அடித்த அந்தப் புகழ்பெற்ற ஓட்டத்தில் அவர் சராசரி .408. முழுச் சீசனும் முடிய .357. ஆகவே கிப்சன் 1943இல் அடித்த .466, 1894இன் ஹியூ டஃபியை (.440) தள்ளிவிட்டு ஒரு சீசனுக்கான முதலிடத்தில் இருப்பதை நாங்களும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் வாசிக்கிறோம். (டஃபியின் .440உம் சுத்தமில்லை. அதுக்கு முந்தின வருடம்தான் பிட்சரின் தூரத்தைக் கூட்டினார்கள், 1894இல் லீக் முழுவதும் .309 அடித்தது. அதுக்கு இவ்வளவு காலமும் ஒருத்தரும் நட்சத்திரக் குறி கேட்கவில்லை.) ஆனால் வாழ்நாள் சராசரி வேறு கதை. பதினைந்து வருடத்துக்கு மேல், சீசன் சீசனாக, லீக்கை விட்டு இவ்வளவு தூரம் விலகி நிற்கிறதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. 2020இல் கொரோனாவால் மேஜர் லீக்கே 60 ஆட்டத்தோடு சீசனை முடித்துக்கொண்டது. அந்த 60 ஆட்டங்களும் முழு மரியாதையோடு ஏட்டில் இருக்கின்றன.

அதோட ஏன் ஆட்டம் குறைவு எண்டும் கேட்கவேணும். சொந்த மைதானமில்லை, இருக்கிறவர்களிடம் வாடகைக்கு எடுக்கவேண்டும், பணம் லீக் ஆட்டத்தில் வருவதில்லை. ஊர் ஊராகப் போய் யார் கூப்பிட்டாலும் ஆடினார்கள். வருடத்துக்கு எத்தனையோ ஆட்டம் ஆடினார்கள், லீக் ஆட்டம்தான் குறைவு. கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் கிப்சனின் பலகையில் 'ஏறக்குறைய 800 ஹோம் ரன்' என்று இருக்கிறது. இந்தப் புதிய அதிகாரபூர்வ ஏட்டில் அவருக்கு 200கூட இல்லை. ஊர் சுற்றி அடித்ததெல்லாம் கழிக்கப்பட்டுவிட்டது. கறுப்பின வீரர்களுக்குச் சலுகை கொடுத்துக் கணக்கை ஊதிப் பெருப்பித்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இந்தக் கழித்தலைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, ஏடு முழுமையில்லை என்பது. உண்மைதான். லீக் ஆட்டங்களில் முக்கால்வாசிக்கான பதிவுகளே கிடைத்திருக்கின்றன. பழைய கறுப்பினப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஆய்வாளர்கள் பல வருடம் சேர்த்தது அது. கால்வாசி இல்லையென்று முக்கால்வாசியை எறிவதா? அதுவும், அந்தக் கால்வாசி தொலைந்ததுக்குக் காரணம் அந்த ஆட்டங்களை எழுதி வைக்கத் தேவையில்லை என்று நினைத்த அதே உலகம்தான்.

மூன்றாவது எதிர்வாதத்தில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது: லீக்கின் தரம். லீக் சராசரியோடு ஒப்பிட்டால் சரி, ஆனால் லீக்கே பலவீனமென்றால் அந்த 100 என்ற நடுப்புள்ளியே பதிவாக இருக்குமே? கேள்வியின் தர்க்கம் நூறு வீதம் சரி. இதுக்கு பேஸ்போலே நல்ல உதாரணம் வைத்திருக்கிறது. 1884இல் யூனியன் அசோசியேஷன் என்று ஒரு லீக் தொடங்கி, அந்த ஒரு சீசனோடு மூடுப்பட்டது. அதில் ஃபிரெட் டன்லப் என்பவர் .412 அடித்தார். அடுத்த வருடம் அதே ஆள் நஷனல் லீக்குக்குப் போய் .270. பலவீனமான லீக் என்றால் என்னவென்று இதுக்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் எந்த லீக்குகள் 'மேஜர்' என்று தீர்மானிக்க 1969இல் கூடிய குழு, இந்த ஒரு சீசன் யூனியன் அசோசியேஷனை உள்ளே எடுத்தது. நீக்ரோ லீக்குகளைப் பற்றி யோசிக்கவேயில்லை. சேர்க்கலாமா விடலாமா என்று விவாதித்து நிராகரித்திருந்தால்கூட ஒரு மாதிரி. அந்தப் பேச்சே எழவில்லை. 2020 டிசம்பரில்தான் அது திருத்தப்பட்டது.

நீக்ரோ லீக் பலவீனமா? டன்லப்புக்குச் செய்த சோதனையையே செய்வோம். அங்கே ஆடினவர்கள் மற்ற லீக்குக்குப் போனபோது என்ன நடந்தது? 1949 முதல் 1959 வரை நஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை எண்ணிப் பாருங்கள். ஜக்கி ரொபின்சன் ஒரு தரம், ரோய் கம்பனெல்லா மூன்று தரம், வில்லி மேஸ், டொன் நியூகோம்ப், ஹங்க் ஆரன் ஒவ்வொரு தரம், ஏர்னி பாங்க்ஸ் இரண்டு தரம். பதினொரு விருதில் ஒன்பது. இந்த ஆறு பேரும் நீக்ரோ லீக் அணிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். அதுவும் எல்லா அணிகளும் கதவைத் திறக்க முந்தி. டன்லப்பின் .412 அடுத்த வருடம் .270 ஆனது. இவர்கள் போன இடத்தில் முதலாம் ஆளாக வந்தார்கள்.

இப்ப அந்தக் கேள்வியை மற்றப் பக்கம் திருப்புகிறோம். 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வோக்கரும் அவர் தம்பியும் டொலீடோ அணிக்கு ஆடினதோடு பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்குக் கதவு மூடப்பட்டது. எழுதின சட்டம் ஒன்றுமில்லை, எல்லா முதலாளிகளுக்கும் விளங்கின ஒரு ஏற்பாடு. அது 1947 வரை நீடித்தது. ரூத்தின் 206, கொப்பின் .367, வில்லியம்ஸின் .406 எல்லாம் அந்த மூடின கதவுக்குள்ளே அளந்த எண்கள். அவர்கள் ஒப்பிடப்பட்ட 'லீக் சராசரி' என்பது ஆட அனுமதிக்கப்பட்டவர்களின் சராசரி. சச்சல் பேஜ் மாதிரி ஒரு பிட்சரை ரூத் லீக் ஆட்டத்தில் ஒரு தரமும் சந்திக்கவில்லை. (அந்தப் பேஜ் 1948இல், 42 வயதில், கிளீவ்லண்ட் அணிக்கு வந்து ஆறு ஆட்டம் வென்று ஒன்றில் மட்டும் தோற்றார். 42 வயதில்!) கிப்சன் மாதிரியானவர்கள் உள்ளே வந்திருந்தால் வெளியே போயிருக்க வேண்டிய கடைசி வரிசை வெள்ளை ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் அந்தச் சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்? சராசரி இறங்கினால் ரூத்தின் எண் ஏறும். இது சாதாரணக் கூட்டல் கழித்தல்.

கிப்சன் ஆடினது பாதி உலகம் என்றால், ரூத் ஆடினதும் பாதி உலகம்தான். நட்சத்திரக் குறி பற்றி மேலே நாங்கள் சொன்னதுக்குக் காரணம் இதுதான். ஒரு பாதியைத் 'தரமான அளவு' என்றும் மற்றப் பாதியை 'விசேட வகை' என்றும் எழுதுகிற அந்தப் பழக்கத்தோடுதான் எங்களுக்குப் பிரச்சினை.

கிரிக்கெட் ரசிகர்கள் இதில் வெளியே நின்று வேடிக்கை பார்க்க முடியாது. தென்னாபிரிக்காவின் கிரேம் பொலொக்: 23 டெஸ்ட், சராசரி 60.97. பட்டியல்களில் பிரட்மனுக்குப் பின்னால் மரியாதையோடு வருகிற பெயர். அந்த 23 டெஸ்டும் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அணிகளுக்கு எதிராக மட்டும்தான், ஏனென்றால் அன்றைய தென்னாபிரிக்கா மேற்கிந்தியத் தீவுகளோடோ இந்தியாவோடோ பாகிஸ்தானோடோ ஆடவில்லை. அதே நாட்டில் பிறந்த பசில் டி ஒலிவேரா தோல் நிறத்தால் சொந்த அணிக்கு ஆட முடியாமல் இங்கிலாந்துக்குப் போய் 44 டெஸ்ட் ஆடினார். பொலொக் திறமையில் சந்தேகமில்லை, அவரைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் 60.97 பக்கத்தில் நட்சத்திரக் குறி கேட்டு யாராவது சண்டை பிடித்து நீங்கள் கேட்டதுண்டா?

டெட் வில்லியம்ஸை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. அவர் வாழ்நாள் முழுக்க ஆடிய ரெட் சொக்ஸ்தான் கறுப்பின வீரர் ஒருவரை எடுத்த கடைசி மேஜர் லீக் அணி, அதுவும் 1959இல். அம்மா வழியில் மெக்சிக்க வம்சாவளி வந்த மனிதர் அவர், ஆடின காலத்தில் அதைப் பற்றி அதிகம் வெளியில் பேசவில்லை. 1966இல் புகழ் மண்டபத்தில் தன்னைச் சேர்த்த மேடையில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், வாய்ப்புக் கிடைக்காத நீக்ரோ லீக் வீரர்களின் அடையாளமாக சச்சல் பேஜும் ஜோஷ் கிப்சனும் ஒரு நாள் இங்கே சேர்க்கப்படவேண்டும் என்று சொன்னார். பேஜ் 1971இலும் கிப்சன் 1972இலும் சேர்க்கப்பட்டார்கள். .406 அடித்தவருக்கே தன் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன இல்லை என்பது தெரிந்திருந்தது. அவரை விட அந்த .406க்காக இன்றைக்குக் கோபப்படுகிறவர்களைப் பார்க்கத்தான் வேடிக்கையாக இருக்கிறது.

எங்களுக்கு ஒரு சின்ன யோசனை இருக்கிறது. சாதனைப் பட்டியலில் ஒவ்வொரு சராசரிக்குப் பக்கத்திலும் இன்னும் இரண்டு நிரல் போடலாம்: அந்த லீக்கின் சராசரி, ஆடிய ஆட்டங்கள். டெரிக்கு .303, யஸ்ட்ரெம்ஸ்கிக்கு .230, டஃபிக்கு .309, கிப்சனின் 1943க்கு அந்தச் சீசனின் ஆட்ட எண்ணிக்கை. எல்லாருக்கும் ஒரே மாதிரி. அப்ப நட்சத்திரக் குறியின் தேவையே வராது, வாசிக்கிறவர் தானே எடைபோடுவார்.

புனிதமான எண்களில் கைவைக்கலாமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். கொப்பின் 4,191 ஹிட் என்று ஐம்பது வருடத்துக்கு மேல் அச்சடித்து வந்தார்கள். 1910இல் ஒரு ஆட்டத்தை இரண்டு தரம் எழுதிவிட்டார்கள் என்று 1981இல் வெளியில் வந்தது. 4,189தான் சரி என்று வைத்தால் அவர் சராசரி .366, ஆனாலும் பல இடங்களில் இன்னும் .367 என்றுதான் நிற்கிறது. ஹக் வில்சன் 1930இல் ஓடவைத்த 190 ஓட்டங்கள் 1999இல் 191 ஆகின. வானம் இடிந்து விழவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிக்காகோ டிஃபென்டர் போன்ற பத்திரிகைகளின் பழைய பக்கங்களில் கிப்சன் ஆடிய இன்னும் சில ஆட்டங்கள் கிடக்கலாம். அவை கிடைத்தால் .372 ஏறவும் கூடும், கொப்புக்குக் கீழே இறங்கவும் கூடும். இறங்கினால் இறங்கட்டும். கிடைத்த தாளில் அவர் பெயருக்கு நேரே நாலு தரம் துடுப்பெடுத்து சைபர் எண்டு இருந்தால், அதையும் ஏட்டில் ஏத்தத்தான் வேணும்.